ஒரே குற்றம், இரண்டு தண்டனை



கொட்டாரத்தில் நாகர்கோவில் பஸ் ஏறினால் வழியில் சுசீந்திரம் வரும். அகலிகையைத் தீண்டிய பாவம் நீங்கி இந்திரன் 'சுசி', அதாவது தூய்மை, பெற்ற தலம் என்கிறது தலபுராணம். இந்திரனுக்கு விமோசனமும் ஓர் ஊரின் பெயரும் கிடைத்தன. அகலிகை கல்லானாள்.

1850-இல் வெளிவந்த நதானியேல் ஹாதார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலிலும் இதே கணக்குதான். கைக்குழந்தையோடு, மார்பில் சிவப்பு எழுத்தோடு ஹெஸ்டர் பிரின் ஊர் நடுவே தண்டனை மேடையில் நிற்கிறாள். குழந்தையின் தகப்பனான போதகர் டிம்ஸ்டேல், மேலே மாடத்தில் அதிகாரிகளோடு நின்று, தகப்பன் யாரென்று அவளிடமே கேட்கிறார். அவள் காட்டிக்கொடுக்கவில்லை. ஏழு ஆண்டுகள் அவர் உள்ளுக்குள் வெந்து சாகிறார். ஊரோ அவரைப் புனிதராகப் போற்றுகிறது. அவர் வேதனை பொய்யல்ல. அதை மறைத்துக்கொள்ளும் வசதி பதவி தந்தது.

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். நம்பூதிரிப் பெண்மீது சந்தேகம் எழுந்தால் 'ஸ்மார்த்த விசாரம்' நடக்கும். அவளைப் பெயர் சொல்லாமல் 'சாதனம்' என்றார்கள். பொருள் என்று அர்த்தம். குற்றம் உறுதியானால் உயிரோடிருக்கும்போதே ஈமச்சடங்கு செய்து வெளியேற்றினார்கள். அவள் குறிப்பிட்ட ஆணுக்கும் சாதிவிலக்கு உண்டு. ஆனால் அவன் இதே சுசீந்திரம் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கைமுக்கி, கை வேகாவிட்டால் குற்றமற்றவனாகத் திரும்பலாம். கொடிய வழிதான், ஆனாலும் ஒரு வழி. சுவாதித் திருநாள் காலத்தில் கைமுக்கு நின்றது. பெண்மீதான விசாரணை தொடர்ந்தது. 1905-இல் குறியேடத்துத் தாத்ரி 60-க்கும் மேற்பட்ட ஆண்களின் பெயரைச் சொன்னபோதுதான் அந்த அமைப்பே ஆட்டம் கண்டது.

ஏன் இந்தப் பாகுபாடு? 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் விடை தந்தார். அகமணமே சாதியின் உயிர். அதைக் காக்கவே உடன்கட்டையும் கட்டாயக் கைம்மையும் குழந்தை மணமும். பெண்ணுடல் சாதியின் வேலி. ஆகவே ஆண் தாண்டினால் தவறு. பெண் தாண்டினால் வேலியே சரிந்தது.

அந்த வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாம். இந்திரன் தூய்மை பெற்ற ஊரின் கோயில் வீதிகளில் ஒரு குற்றமும் செய்யாத நம் முன்னோர் நடக்கக்கூடாது என்றார்கள். அதற்காக 1926-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. திருவிதாங்கூர்க் கோயில் கதவுகள் 1936-இல்தான் திறந்தன.

இனி ஒரு நாவலைப் படிக்கும்போது மேடையில் யார், மாடத்தில் யார் என்று பார்ப்போம். அதே கேள்வியை நம் தெருப் பஞ்சாயத்திலும் நம் இயக்கங்களுக்குள்ளும் கேட்போம். அங்கேயும் பெண் மட்டும் எழுந்து நின்று பதில் சொன்னால், நாமும் மாடத்தில்தான் இருக்கிறோம்.