ஒரே தொட்டி, ஒரே சாயம்: பட்டை விழுந்தது ஏன்?

திருப்பூரை ஒட்டிய வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறைக்குள் நாம் நுழைவதாக வைத்துக்கொள்வோம். பாலியஸ்டர் பின்னல் துணி ஒன்று நீலச் சாயம் ஏறி வெளியே வருகிறது. விரித்துப் பார்த்த மேஸ்திரியின் முகம் வாடிவிடுகிறது. துணியின் குறுக்கே வெளிறிய பட்டைகள்! ஒரே தொட்டி, ஒரே சாயம், ஒரே வெப்பம். பின் ஏன் இப்படி? பழி சாயக்காரர் மேல் விழும். ஆனால் குற்றவாளி நூலுக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். அவனைப் பிடிக்க ஒரு சிறு சோதனை செய்வோம், வாருங்கள்.

காலியான பால் பாக்கெட் ஒன்றைக் கழுவித் துடைத்து, ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நாடா வெட்டிக்கொள்ளுங்கள். இரு முனைகளையும் பிடித்து மெதுவாக இழுங்கள். முதலில் நாடா முரண்டு பிடிக்கும். பிறகு ஓரிடத்தில் மெலிந்து, அந்த மெலிவு இருபுறமும் பரவும். அச்சிட்ட எழுத்துகள் நீண்டு கோணலாகிவிடும். மெலிந்த இடம்தானே முதலில் அறவேண்டும்? அறவில்லையே! ஏன்?

பாலித்தீன் ஒரு பலபடி. அதாவது, சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்த நீண்ட சங்கிலி. இச்சங்கிலிகள் சில இடங்களில் சேலைக் கொசுவம்போல் மடிந்து மடிந்து ஒழுங்காக அடுக்கியிருக்கும். இவை படிகத் தகடுகள். ஒரு தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்குதான்! தகடுகளுக்கு இடையே சங்கிலிகள் சிக்குப் பிடித்த நூல்கண்டாகக் கிடக்கும். இப்படிப் பாதி ஒழுங்கும் பாதி ஒழுங்கின்மையுமாக இருப்பதால் இதனை அரைப்படிகப் பொருள் என்பர்.

இழுக்கும்போது என்ன நடக்கிறது? முதலில் சிக்குப் பகுதி நீள்கிறது. பிறகு தகடுகள் திரும்புகின்றன, சறுக்குகின்றன, துண்டுதுண்டாக உடைகின்றன. கொசுவம் பிரிந்து, சங்கிலிகள் இழுக்கும் திசையில் அணிவகுக்கின்றன. அணிவகுத்த இடம் முன்னைவிட உறுதியானது. எனவே அது அறாமல், அடுத்த இடம் மெலியத் தொடங்குகிறது.

இன்னும் ஒரு வியப்பு உண்டு. படிகத்தின் உருவமே மாறக்கூடும். பாலித்தீன் படிகத்தின் அடிப்படை அலகு செங்கோணங்கள் கொண்ட பெட்டி போன்றது. இழுவிசையில் சில படிகங்களின் அப்பெட்டி ஒருபுறம் சாய்ந்து வேறு வகைப் படிகமாகிவிடுகிறது. எக்ஸ் கதிர்களைச் செலுத்தி விஞ்ஞானிகள் இதனைக் கண்டறிகின்றனர்.

அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில், கரோதர்ஸ் குழுவைச் சேர்ந்த ஜூலியன் ஹில் 1930-இல் உருகிய பாலியஸ்டரிலிருந்து ஓர் இழையை எடுத்தார். ஆறிய பின்னும் அது பல மடங்கு நீண்டது. நீண்டபின் உறுதியும் பளபளப்பும் பெற்றது. செயற்கை இழைத் தொழிலுக்கு இதுவே வழி திறந்தது. இன்றும் ஆலைகளில் உருகிய பாலியஸ்டரை நுண்துளைகள் வழியே பீய்ச்சி, ஆறவைத்து, பின் சூடாக இழுத்துத்தான் நூலாக்குகிறார்கள். இழுக்கும்போதே சங்கிலிகள் வரிசைப்பட்டு, புதுப் படிகங்கள் தோன்றுகின்றன.

இப்போது நம் பட்டைக்கு வருவோம். சாய மூலக்கூறு நெருக்கமான படிகத்துக்குள் நுழைய முடியாது. சிக்குப் பகுதியின் இடைவெளிகளில்தான் புக முடியும். அதற்கும் சங்கிலிகள் நன்கு அசைய வேண்டும். ஆகவே வீட்டுக் குக்கரைப் போல மூடிய கலத்தில், அழுத்தத்தில், சுமார் 130 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பாலியஸ்டருக்குச் சாயமேற்றுகிறார்கள். ஒரு கோன் நூல் மற்றவற்றைவிடச் சற்று அதிகமாக இழுபட்டிருந்தால், அதில் இடைவெளி குறைவு, சாயமும் குறைவு. வட்டப் பின்னல் இயந்திரத்தில் பல கோன்கள் வரிசை வரிசையாகப் பின்னுவதால், அந்த நூல் ஓடிய வரிசைகள் வெளிறிய பட்டைகளாகத் தெரிகின்றன!

வெறும் கண்ணுக்கு எல்லா நூலும் ஒன்றுபோலவே தோன்றும். அதனால்தான் கோன்களிலிருந்து சிறு மாதிரி பின்னி, சாயமிட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். இதில் துணியின் நட்டம் மட்டும் இல்லை. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற கட்டுப்பாட்டின் பேரில்தான் அவை மீண்டும் இயங்கின. ஒரு துணிக்கு இரண்டாம் முறை சாயமிட்டால், இன்னொரு தொட்டிக் கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும். அத்தனைக்கும் காரணம், எங்கோ ஓர் ஆலையில் சற்றே கூடிவிட்ட ஓர் இழுப்பு!

பால் பாக்கெட் நாடாவைக் குறுக்குவாட்டிலும் ஒன்று வெட்டி இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி நீள்கின்றனவா? காரணத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.