நயினாதீவுப் பந்தியில் பசி நடத்தும் திருவிழா

குறிகட்டுவான் துறையில் படகுக்கு நிற்கும்போதே பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விடும். வேலணை, புங்குடுதீவு என்று பஸ்ஸில் குலுங்கி வந்த சனம் நயினாதீவில் இறங்கி, நாகபூசணி அம்மனைக் கும்பிட்ட கையோடு அமுதசுரபி அன்னதான மண்டபத்துக்கு நடக்கும். ஆனித் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம். பந்திக்குப் பின்னால் ஆவி பறக்கும் கிடாரங்களை எட்டிப் பார்க்க எவருக்கும் ஆசை வரும். நான் கூட்டிப்போகப்போவது அதைவிடப் பரபரப்பான அடுக்களைக்கு: இலைக்கு முன்னால் குந்தியிருக்கும் அம்மாவின் உடம்புக்குள்!

முதலில் இரைப்பையின் மேற்பகுதி. சோறு வருமுன்பே இங்கே வேலை மும்முரம். கிரெலின் என்ற பசி ஹோர்மோன் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. நாளும் ஒரே நேரத்தில் சாப்பிட்டுப் பழகியவருக்கு அந்த நேரம் நெருங்கும்போதே அது ஏறத் தொடங்கிவிடும். யப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் 1999இல் இதைக் கண்டறிந்தார்கள். மொத்தமே 28 அமினோ அமிலங்கள்! அவற்றில் மூன்றாவதில் ஒரு சின்னக் கொழுப்பமில வால் ஒட்டியிருக்கும். அந்த வால் ஒட்டாவிட்டால் கிரெலினால் பசியைக் கிளப்ப முடியாது. எட்டுக் காபன் அணுக்கள் கொண்ட அதே கொழுப்பமிலம் எங்கள் தேங்காயெண்ணெயிலும் இருக்கிறது என்று அறிந்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

கிரெலின் போய்ச் சேரும் இடம் மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ். அங்கே இரண்டு நரம்புக் கூட்டங்கள். ஒன்று ‘சாப்பிடு’ என்று உந்தும், மற்றது ‘நிறுத்து’ என்று தடுக்கும். கிரெலின் முதலாவதைத் தட்டி எழுப்புகிறது. கை சோற்றைப் பிசையத் தொடங்குகிறது.

இப்போது கீழே இறங்குவோம், காட்சி மாறுகிறது! பருப்பும் சொதியும் சிறுகுடலின் தொடக்கத்தை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹோர்மோன் சுரக்கிறது. அது பித்தப்பையைச் சுருங்கவைத்து, நரம்பு வழியாக மூளைக்கும் ‘போதும்’ என்று சேதி அனுப்புகிறது. குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து ஜி.எல்.பி-1, பி.வை.வை என்ற ஹோர்மோன்கள் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. ஜி.எல்.பி-1 இரத்தத்தில் தாக்குப்பிடிப்பது இரண்டொரு நிமிடங்களே. அதன் சாயலில், பல நாள் நிலைக்கும்படி செய்த மருந்துதான் இன்று உலகமெல்லாம் பேசும் செமாகுளுட்டைட். வாரத்துக்கு ஒரு ஊசி போதும்.

இந்தச் சேதிகள் மேலே போய்ச் சேர நேரம் எடுக்கும். அவசரமாக விழுங்குகிறவரின் இலை அதற்குள் காலியாகிவிடும்.

“அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?”

“காணும் தம்பி, காணும்!”

இலைக்கு மேலே கை விரிகிறது. விரிந்த இரைப்பையும் குடலும் சேர்ந்து விரித்த கை அது. ஆனால் பாயாச வாளி வரட்டும், அதே கை மெல்ல விலகும்! சோற்றுச் சுவையில் அலுத்த மூளைக்குப் புதுச் சுவை புது ஆசை.

இவை அந்தந்த வேளைக்கான ஏற்பாடுகள். நெடுநாள் கணக்கைப் பார்ப்பது லெப்டின். கொழுப்புத் திசுவே அதைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்கிறது. ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு 1994இல் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தது.

அந்தச் சேதி வராமலே போனால்? மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் நயினாதீவே என்று நம்மில் பலர் கருதுகிறோம். அந்தப் பாத்திரத்துச் சோற்றால்தான், சாபத்தால் பன்னிரண்டு ஆண்டுகள் எவ்வளவு தின்றும் அடங்காத காயசண்டிகையின் யானைத்தீ என்னும் பசிநோய் தணிந்ததாகக் காப்பியம் சொல்கிறது. கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓ'ராஹிலி, சதாஃப் ஃபரூக்கி குழுவினர் 1997இல் விவரித்த இரு குழந்தைகளுக்கும் ஓயாத பசி. எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ! இருவருக்கும் லெப்டின் மரபணுவில் பழுது. பிறகு அந்தச் சிறுமிக்கு லெப்டின் ஊசி போட்டார்கள். பசி அடங்கியது, எடை இறங்கியது.

அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் ஊர் ‘தின்னிப்பண்டாரம்’ என்றிருக்கும். எனக்கு இதில் கோபமே வருகிறது. உடல் பருத்தவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவில்லை, நிறையவே இருக்கிறது. மூளைதான் அதற்குச் சரியாகச் செவிகொடுப்பதில்லை. ‘வாயைக் கட்டு’ என்று அவர்களுக்குச் சொல்கிறவர்கள் மெல்பேர்ணில் பிரியா சுமித்திரன் முதலானோர் 2011இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கவேண்டும். பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடையைக் குறைத்தவர்களை ஓராண்டு கழித்தும் சோதித்தார்கள். கிரெலின் முன்னைவிடக் கூடியே இருந்தது. லெப்டின் குறைந்தே இருந்தது. பசியும் தொடக்கத்தில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது.