தடை போட்டும் ஓயாத செயின்சா: கானாவில் பலகை அறுப்பது ஏன் குற்றமானது?

ஒரு கட்டில், ஒரு கதவு, கூரைக்கு நாலு ரீப்பர். மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவில் ஒரு சாதாரணக் குடும்பம் இதையெல்லாம் வாங்கினால், அந்த மரம் சட்டவிரோதமாக அறுக்கப்பட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 2010-ஐ ஒட்டி வெளியான ஆய்வு ஒன்றின்படி, அந்நாட்டின் உள்ளூர்ச் சந்தைக்கு வந்த பலகையில் சுமார் 84 சதவீதம் செயின்சாவால் அறுக்கப்பட்டது. இத்தனைக்கும் செயின்சாவில் பலகை அறுத்து விற்பதற்கு 1998-லேயே தடை போட்டாச்சு.

தடை இருந்தும் இவ்வளவு பலகை எப்படி வந்தது? முதலில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மரத்தைத் தேடி வரும் மில்

நம்மூரில் பெரிய மரம் ஒன்றை வெட்டினால், தடியை லாரியில் ஏற்றி சா மில்லுக்குக் கொண்டுபோவோம். செயின்சா முறை இதற்கு அப்படியே தலைகீழ். மரம் விழுந்த இடத்திலேயே அதைப் பலகையாக அறுத்து, தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். கிரேன் வேண்டாம், காட்டுக்குள் பாதை போட வேண்டாம். ஒரு செயின்சா, பெட்ரோல், ஆயில், இரண்டு மூன்று ஆட்கள் போதும்.

ஆனால் செயின்சா என்பது மரத்தைக் குறுக்கே வெட்டுவதற்காக உருவான மெஷின். பலகைக்கு மரத்தை நீளவாக்கில், நார் ஓடும் திசையிலேயே அறுக்க வேண்டும். அதற்குச் செயினின் பற்களை வேறு மாதிரி தீட்ட வேண்டும். குறுக்கு வெட்டுக்குப் பொதுவாக 30 டிகிரி சாய்வு என்றால், நீளவாக்கில் அறுக்க 10 டிகிரி. இன்ஜினும் நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடுவதால் சீக்கிரம் சூடேறும்.

ஃப்ரேம் இருந்தால் என்ன லாபம்?

இதை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, வெறும் கையால். தடியின் மேல் கோடு போட்டு, கண் பார்வையிலேயே செயின்சாவைப் பிடித்து அறுப்பது. கானாவில் பரவலாக இருப்பது இதுதான். பலகையின் கனம் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். மரத்தில் பாதிக்கும் மேல் தூளாகவும் துண்டாகவும் வீணாகும். செயின் எகிறினால் அறுப்பவருக்கே ஆபத்து.

இன்னொன்று, செயின்சா மில். செயின்சாவின் பாரில் ஒரு உலோக ஃப்ரேமை மாட்டுவார்கள். முதல் வெட்டுக்குத் தடியின் மேல் ஓர் ஏணியையோ நேரான கட்டையையோ பொருத்தி, அதன் மேல் ஃப்ரேமைச் சறுக்கியபடி அறுப்பார்கள். அதில் கிடைக்கும் தட்டையான பரப்புதான் அடுத்த வெட்டுக்கு வழிகாட்டி. ஃப்ரேமை 2 அங்குலத்துக்கு செட் செய்தால், முழு நீளத்துக்கும் 2 அங்குலப் பலகை கிடைக்கும்.

இதிலும் சேதாரம் உண்டு. ஒவ்வொரு வெட்டிலும் செயின் சுமார் 8 மி.மீ. மரத்தைத் தூளாக்கும். மில்களில் இருக்கும் பேண்ட்சாவில் இது 2 முதல் 3 மி.மீ.தான். சிம்பிளாகச் சொன்னால், செயின்சாவில் 10 வெட்டு போட்டால் 80 மி.மீ. மரம் காலி. அதாவது 1 அங்குலப் பலகை மூன்று போச்சு.

ஏன் தடை வந்தது?

கானாவின் காடுகள் வேகமாகச் சுருங்கின. யார், எங்கே, எத்தனை மரம் வெட்டுகிறார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. 1991-ல் செயின்சா வைத்திருப்பவர்களை முறைப்படுத்த விதிகள் வந்தன. அது கைகொடுக்கவில்லை. 1998-ல் செயின்சாவில் பலகை அறுத்து விற்பதற்கே தடை வந்தது.

ஏன் நிற்கவில்லை?

முதல் காரணம், சந்தை. பெரிய சா மில்கள் ஏற்றுமதியையே குறி வைத்தன. உற்பத்தியில் 20 சதவீதத்தை உள்நாட்டில் விற்க வேண்டும் என்று விதி இருந்தும், அந்த அளவு வந்து சேரவில்லை. வந்த பலகையும் தச்சர்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் இல்லை.

இரண்டாவது, மரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. 1962-ம் ஆண்டுச் சட்டப்படி, இயற்கையாக வளர்ந்த மரங்கள் நாட்டின் அதிபர் வசம் இருக்கின்றன. கோகோ தோட்டத்தில் நிழலுக்காக ஒரு விவசாயி பல வருஷம் பாதுகாத்த மரத்தை, உரிமம் பெற்ற கம்பெனி வந்து வெட்டலாம். விழும் மரம் கோகோ செடிகளை நசுக்கும். இழப்பீடு கிடைத்தால் அதிர்ஷ்டம். செயின்சாக்காரரோ கையில் காசு தருவார், இல்லாவிட்டால் வீடு கட்டப் பலகை தருவார். விவசாயி யார் பக்கம் நிற்பார்?

மூன்றாவது, வேலை. அறுப்பவர், சுமப்பவர், லாரி ஓட்டுபவர், விற்பவர் எனப் பல்லாயிரம் குடும்பங்கள் இதை நம்பி இருக்கின்றன. தடைக்குப் பிறகு தொழில் இரவுக்கு மாறியது. வழியில் லஞ்சம் ஒரு செலவுக் கணக்காகவே சேர்ந்தது. பயந்து பயந்து அறுப்பவர் ஃப்ரேம் மாட்டி நிதானமாக அறுப்பாரா? அவசரத்தில் மரம்தான் இன்னும் வீணானது.

கயானா என்ன செய்தது?

தென் அமெரிக்காவின் கயானாவில் இதே தொழில் சட்டப்படி நடக்கிறது. அனுமதி வாங்க வேண்டும், எத்தனை மரம் என்பதற்கு ஒதுக்கீடு உண்டு. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் ஒரு டேக், அதே எண்ணில் மரத்துக்கு இன்னொரு டேக். பலகை எந்த மரத்திலிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்க்க முடியும். விதிமீறல் அங்கேயும் உண்டு. ஆனால் அறுப்பவர் ஒளிந்துகொள்ளத் தேவையில்லை.

இப்போது கானா எந்தப் பக்கம்?

2009-ல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் போட்ட மர வர்த்தக ஒப்பந்தத்தில், உள்நாட்டுச் சந்தையில் விற்கும் மரமும் சட்டப்படியானதாக இருக்க வேண்டும் என்று கானா ஒப்புக்கொண்டது. டிரோபென்போஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் திட்டத்தில் அதிகாரிகளும் செயின்சாக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். அதிலிருந்து வந்த யோசனை, சிறு அறுவைத் தொழிலாளர்களைப் பதிவு செய்வது. கையால் அறுப்பதற்குப் பதிலாக, சேதாரம் குறைந்த, இடம் மாற்றக்கூடிய சிறு மில்களை அவர்கள் பயன்படுத்த வேண்டும். மரமும் அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும்.

ஆனால் இது ஓட, அனுமதியும் மெஷினுக்குக் கடனும் சிறு ஆட்களுக்கு எட்ட வேண்டும். தோட்டத்து மரத்தில் விவசாயிக்கும் பங்கு வேண்டும். குமாசியின் மரச் சந்தைக்குப் போகும் தச்சர் முதலில் கேட்பது விலையைத்தான். அனுமதி பெற்ற பலகை அந்த விலைக்குப் பக்கத்திலாவது வரும்வரை, ராத்திரி லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.