பள்ளிக்கு ஒரு சின்னக் கேமரா: எதைப் பார்த்து வாங்குவது?

பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி என எல்லாவற்றையும் இப்போது நம் கைப்பேசியிலேயே எடுத்துவிடுகிறோம். மாணவர் படங்கள் நம் வீட்டுப் படங்களோடு கலந்து கிடக்கின்றன. பள்ளிக்கென்று தனியாக ஒரு கையடக்கக் கேமரா இருந்தால் நல்லதுதான். ஆனால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிடாதீங்க.

கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கு. அதை விடுங்க, சென்சார் அளவைக் கேளுங்க. 1/2.3 அங்குலம் என்றால் ஏறத்தாழ 6.2 × 4.6 மில்லிமீட்டர். ஓர் அங்குலம் எனப்படுவது 13.2 × 8.8, பரப்பில் நான்கு மடங்கு. மங்கலான மண்டபத்திலும் தைப்பூச இரவில் தண்ணீர்மலையிலும் இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். விலையும் ஏறும். மலிவான சின்னச் சென்சாரைவிட அந்த வெளிச்சத்தில் நல்ல கைப்பேசியே மேல். பகலில் திடலில் எடுக்கத்தான் என்றால் சின்னதே போதும், ஆப்டிகல் ஜூம் மட்டும் இருக்கணும். டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிசாக்குவதுதான்.

பழையது வாங்கினால் (நம் பட்ஜெட்டுக்கு பெரும்பாலும் அதுதான்) லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்க. பினாங்கு ஈரக்காற்றில் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கலாம். பேட்டரி இன்னும் கிடைக்குதான்னு கேட்கணும். 2006க்கு முந்தைய பல கேமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டை ஏற்காது. பழைய ஒலிம்பஸ், பூஜிபிலிம் சிலவற்றுக்கு எக்ஸ்டி கார்டு வேண்டும். அது இப்போது குதிரைக் கொம்பு.

வாங்கியதை மேசை இழுப்பறையில் போட்டு மறந்துடாதீங்க. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நாலு படம் எடுங்க.