மடக்குக் கத்தியின் பூட்டை நம்பலாமா?

டெல்லியிலிருந்து பரேலி போகும் ரயிலில் மொராதாபாத்தைத் தாண்டினால் வரும் ஊர் ராம்பூர். நவாபுகள் ஆண்ட ஊர். அவர்கள் சேர்த்து வைத்த அரிய நூலகம் இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் ஊரின் பெயரைச் சொன்னதும் ஜனங்களுக்கு நினைவு வருவது நூலகம் அல்ல, கத்தி! 1965-ல் வந்த 'வக்த்' படத்தில் கத்தியைப் பற்றி ராஜ்குமார் பேசிய வசனத்தை இந்தி ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பம்பாய்ப் படங்களில் வில்லனின் அடியாள் என்றால் கையில் ஒரு ராம்பூரி இருந்தாக வேண்டும் என்றே ஆகிவிட்டது.

அந்தக் கத்தியைத் திறக்கும்போது 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். எதிராளியைப் பயமுறுத்த வைத்த ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். சங்கதி அதுவல்ல. கத்தி அலகின் அடிப்பகுதியில் சிறு பற்கள் வெட்டப்பட்டிருக்கும். பிடியின் முதுகில் உள்ள எஃகு ஸ்பிரிங், அலகு திறக்கத் திறக்க ஒவ்வொரு பல்லிலும் ஏறி விழுகிறது. அந்த ஓசைதான் அது. அலகு முழுவதும் திறந்ததும் ஸ்பிரிங் கடைசிப் பல்லைக் கவ்விக்கொள்ளும். ஸ்பிரிங்கைத் தூக்கினால்தான் மறுபடி மடங்கும். ஸ்பெயின் நாட்டில் 'நவாஹா' என்ற மடக்குக் கத்திக்கும் இதே சத்தம் உண்டு.

ஆகவே, கத்தி வைத்திருப்பவரின் விரல்களைக் காப்பது அந்த ஒரு கடைசிப் பல். அது தேய்ந்தால், அல்லது ஸ்பிரிங் தளர்ந்தால், அலகு விரல்மேல்தான் மடங்கும். மற்ற பற்கள் எத்தனை இருந்தாலும், எவ்வளவு சத்தம் போட்டாலும் பிரயோஜனமில்லை.

ராம்பூரி 9 முதல் 12 அங்குலம் வரை இருக்கும். 1990-களில் உத்தரப் பிரதேச அரசு நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட கத்திகளைச் செய்யத் தடை விதித்தது. தொழில் நலிந்தது. 2023-ல் அதே ஊரின் நாற்சந்தி ஒன்றில் சுமார் 20 அடி நீளத்தில் ஒரு ராம்பூரிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். செய்தவர்களின் கைக்கு வேலை குறைந்த பிறகு கத்திக்குச் சிலை!

கறுப்பு வண்ணக் கத்திகள்

இப்போது அந்த இடத்தை வேறொரு சரக்கு பிடித்திருக்கிறது. கறுப்புப் பூச்சு, சொரசொரப்பான பிடி, சட்டைப்பையில் மாட்ட ஒரு கிளிப். 'டாக்டிகல்' என்று பெயர். ராணுவத்தாருக்கானது என்று பொருள்படச் சொல்லி விற்கிறார்கள். மலையேறப் போகும் கல்லூரிப் பிள்ளைகளும், வேலையிடத்தில் கயிறும் அட்டைப் பெட்டியும் அறுப்பவர்களும் வாங்குகிறார்கள். பெயரைப் பார்த்து மயங்குவதற்கு இதில் ஒன்றுமில்லை. கறுப்புப் பூச்சு துருவைக் கொஞ்சம் தடுக்கும். அதற்குமேல் கத்தியின் யோக்கியதையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பூட்டில் பல வகை. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் என்பவர் ஆரம்பித்த பட்டறையில் 1891-ல் ராணுவத்துக்குச் செய்யப்பட்ட கத்தியும், நம் ஊர் பேனாக்கத்தியும் ஒரே ஜாதி. இரண்டிலும் பூட்டே கிடையாது. ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்துகிறது. ஆப்பிள் நறுக்க, பென்சில் சீவ அது போதும். குத்தித் துளைக்க அதைப் பயன்படுத்தினால் மடங்கிவிடும்.

பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890-ல் பிறந்த ஒப்பினெல் கத்திக்கு மரப்பிடி. 1955-ல் அதற்கு ஒரு இரும்பு வளையம் சேர்த்தார்கள். அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால், மடங்கும் வழியே அடைபட்டுப் போகிறது. இவ்வளவு எளிய, இவ்வளவு நம்பகமான பூட்டு வேறு இல்லை என்பது என் எண்ணம். ஒரே குறை, வளையத்தைத் திருப்ப நாம் மறக்கக் கூடாது.

அமெரிக்காவில் 1964-ல் வந்த 'பக் 110' முதுகுப் பூட்டைப் பிரபலமாக்கியது. பிடியின் முதுகில் உள்ள எஃகுப் பட்டை, அலகின் அடியில் உள்ள பள்ளத்தில் கொக்கி போல் விழும். உறுதியானது. ஆனால் அந்தப் பள்ளத்தில் தூசியும் துணிப்பஞ்சும் சேர்ந்தால் கொக்கி முழுவதும் இறங்காது. இறங்கிவிட்டதாகக் கண்ணுக்குத் தோன்றும், அதில்தான் ஆபத்து.

இன்றைய மலிவுக் கத்திகளில் மிகுதியாகக் காண்பது தகட்டுப் பூட்டு. மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் 1980-களின் தொடக்கத்தில் செம்மைப்படுத்தியது. பிடியின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு, அலகு திறந்ததும் பக்கவாட்டில் நகர்ந்து அதன் அடியில் முட்டுக் கொடுக்கிறது. நல்ல பட்டறையில் செய்தால் அருமையான ஏற்பாடு. மோசமாகச் செய்தால் இதைவிடப் பொல்லாதது இல்லை. ஏனெனில் முட்டும் இரண்டு முகங்களும் சரியான சாய்வில் இழைக்கப்பட்டிருக்க வேண்டும். சாய்வு அதிகமானால் தகடு வழுக்கும். குறைந்தால் பூட்டு இறுகிக்கொண்டு திறக்க மறுக்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை

கத்தியைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். தகட்டின் முனை அலகின் அடிப்பகுதியில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது? ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் வேண்டாம். மறுபக்கத் தகட்டையே போய் முட்டினாலும் வேண்டாம். அது தேய்ந்த பூட்டு, அல்லது ஆரம்பத்திலேயே கோணல். கால் பாகத்திலிருந்து பாதி வரை ஏறியிருப்பது நல்லது. புதிதாய் இருக்கையில் கால் பாகம் ஏறியிருந்தால், நாளாக நாளாகத் தேய்ந்து உள்ளே நகர இடம் இருக்கும்.

அடுத்து, அலகின் முனையைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் அச்சாணித் திருகைச் சற்று முடுக்கினால் சரியாகலாம். திருகு இல்லாமல் ஆணி அடித்திருந்தால் அந்த வழியும் இல்லை. மேலும் கீழுமாக ஆடினால் கோளாறு பூட்டிலேயே இருக்கிறது. கடைக்காரர் 'எண்ணெய் போட்டால் சரியாகிவிடும்' என்பார். ஆகாது.

சிலர் கத்தியின் முதுகை மேஜையில் ஓங்கி அடித்துப் பூட்டைச் சோதிக்கிறார்கள். இது முரட்டு வேலை. நல்ல பூட்டும் கெட்டுப்போகலாம். அதற்குப் பதில் பிடியை விரல்நுனிகளால் பக்கவாட்டில் பிடித்து, அலகு மடங்கினாலும் விரல் அதன் பாதையில் இல்லாதபடி வைத்துக்கொண்டு, முதுகை ஒரு மரக்கட்டையில் வைத்து நிதானமாக அழுத்துங்கள். மடங்கினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு முறை செய்து பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். பத்துப் பன்னிரண்டு தடவை திறந்து மூடி, ஒவ்வொரு தடவையும் அழுத்திப் பாருங்கள். ஒன்பது முறை பிடித்துப் பத்தாவது முறை வழுக்கும் பூட்டும் உண்டு.

இன்னொன்று. தகட்டுப் பூட்டுள்ள கத்தியைக் கெட்டியாகப் பிடித்துத் திருகும்போது, நம் விரல் சதையே தகட்டைத் தள்ளிப் பூட்டைத் திறந்துவிடுவது உண்டு. கையில் அடக்கிப் பார்க்கும்போது தகடு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் கவனம் தேவை.

எஃகைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் பொறித்திருந்தால் அது எந்த எஃகு என்று தெரியாது. 440சி, டி2 என்பது போலப் பெயர் சொல்லி விற்பது மேல். அதுவும் அந்தப் பெயர் உண்மையாயிருந்தால்! பிரபல கம்பெனிகளின் முத்திரையைப் போலியாகப் பொறிப்பது சர்வசாதாரணம். பாதி விலையில் கிடைக்கும் பெரிய பெயரைச் சந்தேகிப்பதே சரி.

சட்டம் என்ன சொல்கிறது?

டெல்லியில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளுக்கு உரிமம் வேண்டும்; வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்குமான கத்திகளுக்கு விலக்கு உண்டு. டெல்லியில் இன்னும் கடுமை. 1980-ம் ஆண்டு அறிவிப்பு ஒன்று 'கராரிதார்', அதாவது பல் வைத்துச் சத்தமிடும் கத்தி, 'பட்டன்தார்', அதாவது பொத்தானை அழுத்தினால் திறக்கும் கத்தி, மற்றும் இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்திகளைக் குறிப்பிடுகிறது. அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். 7.62 என்பது சரியாக 3 அங்குலம். 'பக் 110'-ன் அலகே மூன்றேமுக்கால் அங்குலம். எனவே கடைக்குப் போகும்போது ஓர் அளவுகோலையும் எடுத்துச் செல்லுங்கள்; பெட்டியில் போட்டிருக்கும் நீளம் மூடிய நிலையிலா, திறந்த நிலையிலா, அலகு மட்டுமா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கு விமானத்தில் போகிறவர்கள் சிறிய பேனாக்கத்தியைக்கூடக் கைப்பையில் வைக்காமல், சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.