குறைத்த எடை திரும்பி வந்தால்

"என்னத்தா, அம்புட்டுச் செலவழிச்சு ஆபரேஷன் பண்ணியும் பழையபடி ஆயிட்டீகளே!" மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு பக்கம் கல்யாணப் பந்தியில் இப்படி ஒரு பேச்சு விழுந்தால், கேட்டவர் அடுத்த விசேஷத்துக்கு வரமாட்டார். பந்திக்கு வராமல் போனால் நட்டமில்லை. ஆனால் அறுவை செய்த மருத்துவரிடமும் அவர் போவதில்லை. "அவரு குறைச்சுத்தான் குடுத்தாரு, நான்தான் ஏத்திக்கிட்டேன், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?" என்ற வெட்கம் தடுக்கிறது. எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு, சில ஆண்டுகள் கழித்துக் கூடும் கிலோக்களைவிட இந்த வெட்கம் அதிகக் கேடு செய்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்த அறுவைக்குப் பிறகு ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் எடை ஆகக் குறைந்த அளவைத் தொடும். இடையில் சில வாரங்கள் தராசு முள் அசையாமல் நிற்பதும் உண்டு, அது சகஜம். அதன்பின் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் ஏறும். ஸ்வீடனில் 1987 முதல் ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடர்ந்த ஆய்வில், இரைப்பை பைபாஸ் அறுவை செய்தவர்கள் தொடக்கத்தில் உடல் எடையில் 32 சதவீதம் வரை இழந்தார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது இழப்பு 25 சதவீதமாக இருந்தது. கொஞ்சம் திரும்பியிருக்கிறது, பெரும்பகுதி திரும்பவில்லை. அறுவை செய்யாத ஒப்பீட்டுக் குழுவைவிட அவர்களிடையே இறப்பும் குறைவு. ஆகவே 120 கிலோவிலிருந்து 80-க்கு வந்தவர் இன்று 85 என்றால் அது தோல்வி ஆகாது. 90-ஐத் தாண்டினால், அதாவது குறைத்த 40 கிலோவில் கால்பங்கு திரும்பிவிட்டால், காரணம் தேட வேண்டிய நேரம். எடை கூடாமலே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ மறுபடி தலைதூக்கினாலும் அப்படித்தான்.

ஏன் ஏறுகிறது? நாக்கைக் கட்டவில்லை என்று ஊர் சொல்லும். உடம்பின் கணக்கு வேறு. எடை குறைந்ததும் அது பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, பசியைக் கூட்டி, செலவைச் சுருக்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களின் உடல், சும்மா இருக்கும்போது செலவிடும் ஆற்றல் எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. அவர்கள் அறுவை செய்தவர்கள் அல்லர். அறுவை இந்த எதிர்ப்பைப் பெருமளவு தணிக்கிறது, அடியோடு ஒழிப்பதில்லை. உடற்பருமன் நாள்பட்ட நோய். சர்க்கரை நோயாளிக்கு அளவு ஏறினால் மருந்தை மாற்றுகிறோம், யாரும் பந்தியில் வைத்துக் கேட்பதில்லை.

செய்த அறுவை எது என்பதும் முக்கியம். ஸ்லீவ் என்பது இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி நீக்கி ஒரு குழாய் போல ஆக்குவது. பைபாஸில் சிறு பையை விட்டு, மீதியைத் தாண்டிக் குடலோடு இணைப்பார்கள். பின்லாந்தில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வின் பத்தாண்டு முடிவு 2022-இல் வந்தது. பைபாஸில் எடை இழப்பு சற்றுக் கூடுதல். பெரிய வித்தியாசம் உணவுக்குழாயில் இருந்தது. ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாய் அழற்சி, பைபாஸில் 7 சதவீதம். நெஞ்செரிச்சலைத் தணிக்கப் பாலையும் பிஸ்கட்டையும் அடிக்கடி எடுத்து, அதிலேயே எடை ஏறியவர்கள் உண்டு. மருத்துவரிடம் எடையோடு எரிச்சலையும் சொல்லுங்கள்.

ஸ்லீவ் வயிற்றில் நாலு இட்லி இறங்காது. சர்க்கரை போட்ட டீ எத்தனை கிளாஸ் வேண்டுமானாலும் இறங்கும். பன்னீர் திராட்சைச் சாறு, டீயில் நனைத்த பன், வேலைக்கு நடுவே கொறிக்கும் சேவு எல்லாமே வயிறு நிறைந்ததாகச் சொல்லாமல் நழுவிப் போகும். கம்பம், போடிப் பக்கத்தில் ஏலத்தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப் ஏறும் பெண்ணிடம் "வேளைக்கு அளந்து சாப்பிடுங்கள்" என்று அச்சடித்த தாளைக் கொடுப்பதில் அர்த்தமில்லை. அவர் தூக்குச் சட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டு, அதற்குள் மாற்றம் சொல்ல வேண்டும். நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்றால், மீதி எங்கிருந்து வரும்? ஆண்டிபட்டி வட்டாரத்து மொச்சை, கொள்ளு, கருவாடு, மோர் இவையெல்லாம் இருக்கின்றன. சோற்றுக்கு முன் இவற்றைச் சாப்பிட்டுவிடுவது, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரைமணி விடுவது ஆகிய இரண்டும் செலவில்லாதவை.

மருந்துகளையும் பாருங்கள். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் எடுக்கும் ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்பு மருந்துகள், இன்சுலின் ஆகியவை எடையை ஏற்றலாம். நீங்களாக நிறுத்திவிடாமல், மாற்று உண்டா என்று கேளுங்கள். பைபாஸ் செய்தவர்கள் மெடிக்கலில் கைநீட்டி வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். இணைப்பு இடத்தில் புண் வந்து, ரத்தம் கசிந்து, ஓட்டையே விழலாம். மதுவும் அறுவைக்குப் பின் வேகமாக ஏறும். அறுவைக்கு முன் குடிக்காதவர்கள்கூட இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு அதில் விழுவது மருத்துவ உலகம் பதிவுசெய்திருக்கிற ஆபத்து. மனம் சோர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இனி, உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. அறுவை செய்தவருக்கு எத்தனை ஆண்டு கழித்தும் விடாத வாந்தி வரலாம். நம் ஊரில் உடனே என்ன நடக்கும்? பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். உடலில் தயமின் எனும் பி1 சத்து வற்றியிருக்கும்போது வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது இதன் அறிகுறிகள். "எனக்கு வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, முதலில் பி1 ஊசி போடுங்கள்" என்று நோயாளியோ உடன் வந்தவரோ சொல்ல வேண்டும். பைபாஸ் செய்தவருக்குத் திடீரென்று கடும் வயிற்றுவலி வந்தால் குடல் சிக்கியிருக்கலாம். ஊசி போட்டுப் படுக்கவைக்காமல் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ 108-இல் கொண்டுபோங்கள்.

எடை கூடியவர்கள் பலர் சத்து மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். "உடம்புதான் பெருத்திருக்கே, இன்னும் எதுக்குச் சத்து?" என்கிறார்கள். எடை ஏறினாலும் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி உறிஞ்சப்படுவது குறைவாகவேதான் இருக்கும். வாழ்நாள் முழுக்க மாத்திரையும், ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் தேவை. ஹீமோகுளோபினும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். மற்றவற்றுக்குத் தேனிக்குப் போக வேண்டியிருக்கும். வருசநாட்டுப் பஸ்ஸைப் பிடித்துத் தேனி, அங்கிருந்து மதுரை என்று ஒரு நாள் கூலியை இழந்து பத்து நிமிடப் பேச்சுக்குப் போவது யாருக்கும் கசக்கும். 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, மருத்துவர் தொலைபேசியிலோ வீடியோவிலோ தொடர் ஆலோசனை தரலாம். இதைக் கேட்டுப் பெறுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டுக்கு வந்தால் அறுவை ஆனதைச் சொல்லி வையுங்கள், மாத்திரை அளவு மாற வேண்டியிருக்கும்.

காரணம் தெரிந்தபின்தான் தீர்வு. எண்டோஸ்கோபி, பேரியம் படம் பார்த்து வயிறு விரிந்திருக்கிறதா, இணைப்பு அகன்றிருக்கிறதா என்று தெரிந்துகொள்வார்கள். மருந்துகளும் இப்போது இருக்கின்றன. அறுவைக்குப் பின் எடை சரியாகக் குறையாதவர்களுக்கு லிராகுளுடைடு ஊசி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வந்தது. 24 வாரத்தில் 8.8 சதவீத எடை குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு அரை சதவீதம்தான். 2025-இல் டிர்செப்படைடும், எடைக்கென்றே செமாகுளுடைடும் இந்தியச் சந்தைக்கு வந்தன. விலை பலருக்கு எட்டாது, நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாது. இரண்டாவது அறுவை கடைசி வழி. முதல் முறை அளவுக்கு எடை குறையாது, சிக்கல் அதிகம். ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சல் தாங்கமுடியாதவருக்கு அதைப் பைபாஸாக மாற்றுவது நியாயமான காரணம். "முகாம் சலுகையில் இன்னொரு தடவை சரிபண்ணிடலாம்" என்று சொல்வது வியாபாரம்.

2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர், வயது 26, சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவைக்குச் சேர்ந்து உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தி அந்த மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தியது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும், புகாரை மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் கொடுக்கலாம். ஒரு சாவுக்குப் பிறகு அரசு நகர்ந்தது. அறுவைக்கு ஐந்தாண்டு கழித்துத் தனியே தவிப்பவருக்காக யாரும் நகர்வதில்லை. அவரேதான் கேட்க வேண்டும்.

எதைக் கேட்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். எடை திரும்பியது மட்டுமே மருத்துவரின் கவனக்குறைவு ஆகாது. எந்த அறுவையும் பலனுக்கு உத்தரவாதம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் எடை திரும்பலாம், ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும் என்று முன்பே சொல்லாமல் கையெழுத்து வாங்கியிருந்தாலோ, சொன்ன அறுவை ஒன்றும் செய்தது ஒன்றுமாக இருந்தாலோ கதை வேறு. முழுத் தகவல் தந்து பெறுவதே சம்மதம் என்பது 2008-இன் சமீரா கோலி தீர்ப்பு. கட்டணம் செலுத்திய சிகிச்சை என்றால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. காலக்கெடு இரண்டு ஆண்டு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

காப்பீட்டில் ஒரு முரண். உடல் நிறை எண் 35 இருந்தாலே அறுவை செய்யலாம் என்றும், ஆசியர்களுக்கு 27.5 முதலே யோசிக்கலாம் என்றும் 2022-இல் உலக அமைப்புகள் சொல்லிவிட்டன. 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதி இன்னும் 40 கேட்கிறது. கட்டுப்படாத சர்க்கரை, இதயநோய், கடும் தூக்க மூச்சடைப்பு போன்றவை இருந்தால் 35. இரண்டாம் அறுவைக்கும் இதே சுவர்தான் எதிரே நிற்கும். நெஞ்செரிச்சலுக்காகச் செய்வது உண்மையானால், அதை எண்டோஸ்கோபி ஆதாரத்தோடு மருத்துவர் எழுதித் தரவேண்டும். காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் அந்த நிறுவனத்துக்கே முறையிட்டு, 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். வக்கீலும் கட்டணமும் வேண்டாம். முதல்வர் காப்பீட்டு அட்டையில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை 1800 425 3993-இல் கேட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர் டப்பாவில் பவுடரோடு வருவார். உடற்பருமனைத் தீர்ப்பதாக மருந்தை விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு ஆட்சேபத்துக்குரிய விளம்பரச் சட்டப்படி குற்றம். உறவு கெடாமல் மறுப்பது உங்கள் சாமர்த்தியம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை உங்கள் கோப்பு. அறுவைக் குறிப்பில் எந்த வகை, குடலை எவ்வளவு நீளம் விட்டு இணைத்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். அது இல்லாமல் அடுத்த மருத்துவர் இருட்டில் துழாவுவார். உள்நோயாளிக் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. எடை திரும்பத் தொடங்குவதும் கோப்பு கழிக்கப்படுவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடக்கின்றன. அறுவை ஆகி மூன்று ஆண்டு முடியாதவர்கள் இந்த வாரமே மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதி, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் கோப்பைக் கேளுங்கள். மூன்று ஆண்டு தாண்டியவர்களும் கேளுங்கள், பல இடங்களில் கணினியில் இருக்கும்.