வசையும் வாதமும்



மக்களாட்சி என்பது பேச்சினால் நடைபெறும் ஆட்சியாகும். முடியாட்சியில் ஒருவர் ஆணையிடுவார், ஏனையோர் பணிவர். அங்கே பேச்சுக்கு அதிக வேலையில்லை. மக்களாட்சியிலோ ஒரு சட்டம் முன்மொழியப்பட்டு, ஆராயப்பட்டு, மறுக்கப்பட்டு, திருத்தப்பட்டு, அதன் பின்னரே நிறைவேறுகின்றது. 'பார்லிமெண்டு' என்னும் சொல்லுக்கே பேசுதல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்தான் வேர். ஆதலால், பேச்சுக் கெடுமாயின் ஆட்சியும் கெடும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கட்சிகள் தம்முள் மாறுபடுதல் குற்றமன்று. மாறுபாடே இல்லாத நாட்டில் மக்கள் வாய்திறக்க அஞ்சுகின்றனர் என்றுதான் கொள்ளவேண்டும். கடுமையாக மறுத்துப் பேசுதலும் குற்றமன்று. அங்ஙனமாயின், எது குற்றம்? வாதம் எந்த இடத்தில் வசையாக மாறுகின்றது? மாறினால் இழப்பு யாருக்கு? இவ்வினாக்களை வெறும் நீதிமொழியாகச் சொல்லிச் செல்ல நான் விரும்பவில்லை. ஒரு நாட்டின் வரலாற்றைச் சான்றாக வைத்து ஆராய விரும்புகின்றேன். அந்நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். காலம் 1836 முதல் 1861 வரை.

அக்காலத்தில் அந்நாட்டைப் பிளந்து நின்ற பெரும் பிரச்சினை அடிமை முறை. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஆடுமாடுகளைப் போல விற்கவும் வாங்கவும் பட்டனர். 1860-ஆம் ஆண்டில் அடிமைகளாக இருந்தோர் ஏறத்தாழ 40 இலட்சம் பேர். இக்கொடுமையை ஒழிக்க வேண்டுமென வட மாநிலங்களில் பலர் கிளர்ந்தெழுந்தனர். அந்நாட்டின் சட்டமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் நாட்டுக் கட்சியின் பெயரோடு அதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அதில் செனட் சபை, பிரதிநிதிகள் சபை என்று இரண்டு அவைகள் உண்டு. அடிமை முறையை எதிர்த்து ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் பிரதிநிதிகள் சபைக்கு வந்து குவிந்தன.

சபை என்ன செய்தது? 1836-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. அடிமை முறையைப் பற்றிய எந்த விண்ணப்பத்தையும் அச்சிடாமலும் ஆராயாமலும் ஒதுக்கி வைத்துவிட வேண்டும் என்பதே அத்தீர்மானம். வரலாற்று ஆசிரியர்கள் இதனை 'வாய்ப்பூட்டு விதி' என்று குறிப்பர். இதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று சபையின் அமைதி! முன்னாள் குடியரசுத் தலைவராகிய ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்போது அச்சபையில் ஓர் உறுப்பினராக இருந்தார். முதுமையையும் பொருட்படுத்தாமல் இவ்விதியை எதிர்த்து அவர் ஆண்டுதோறும் போராடினார். 1842-இல் அவர்மீது கண்டனத் தீர்மானம் கொண்டுவர முயன்றனர், அம்முயற்சி தோற்றது. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் 108 பேர் ஆதரவாகவும் 80 பேர் எதிராகவும் வாக்களிக்க, விதி நீக்கப்பட்டது.

இதனை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவையின் நாகரிகம் வேண்டும் என்று கூறுவோர் சிலர், 'பேசாதே' என்பதையே 'பண்போடு பேசு' என்னும் சொற்களில் மறைத்துக் கூறுகின்றனர். துன்புறுவோன் முறையிடுவதைத் தடுத்துப் பெறும் அமைதி நாகரிகமாகாது. அது அநீதிக்குப் போடப்பட்ட திரை. நான் இங்கே வேண்டுகின்ற பண்பு அத்தகையதன்று.

இனி, மறு ஓரத்துக்கு வருவோம். 1854-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. கான்சாஸ் முதலிய புதிய பகுதிகளில் அடிமை முறை வேண்டுமா, வேண்டாவா என்பதை அங்குக் குடியேறுவோரே முடிவு செய்யலாம் என்றது அச்சட்டம். உடனே இருசாராரும் கான்சாஸில் சென்று குவிந்தனர்; கலகமும் கொலையும் நிகழ்ந்தன. 1856-ஆம் ஆண்டு மே மாதம் 19, 20 ஆகிய நாள்களில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் சம்னர் செனட் சபையில் இதுபற்றி நெடியதோர் உரை நிகழ்த்தினார். சம்னர் பெரும் கல்விமான். அவர் எடுத்துக்கொண்ட கட்சி அறத்தின் கட்சி, இதில் ஐயமில்லை.

ஆயினும், அவ்வுரையில் அவர் கான்சாஸைப் பற்றி மட்டும் பேசவில்லை. தென் கரோலினாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ பட்லர் என்னும் முதிய உறுப்பினரைத் தாக்கினார். அடிமை முறையை ஒரு விலைமகளாக உருவகம் செய்து, அவளைக் காதலியாகக் கொண்டவர் பட்லர் என்று எள்ளினார். பட்லரின் பேச்சில் இருந்த தடுமாற்றத்தையும் நகையாடினார். பட்லர் அன்று அவையில் இல்லை.

மே 22-ஆம் நாள், அவை கலைந்த பின்னர், சம்னர் தம் இருக்கையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பட்லரின் உறவினரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினருமாகிய பிரெஸ்டன் புரூக்ஸ் அங்கு வந்து, கைத்தடியால் அவர் தலையில் ஓங்கி அடித்தார். தடி ஒடியும் வரையில் அடித்தார். இரத்தம் பெருகச் சம்னர் உணர்விழந்து வீழ்ந்தார். அவர் மீண்டும் அவைப் பணியை முறையாக மேற்கொள்ள மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரையில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தார் அவருடைய இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

எத்துணைக் கொடிய சொல்லாயினும் அதற்குத் தடி விடையாகாது. புரூக்ஸ் செய்தது குற்றமே. ஆனால், அக்குற்றத்துக்குக் கிடைத்த பரிசைக் கேளுங்கள். நீதிமன்றம் அவருக்கு விதித்தது 300 டாலர் அபராதம் மட்டுமே. அவரைச் சபையிலிருந்து நீக்க வேண்டுமென 121 பேரும், நீக்கலாகாதென 95 பேரும் வாக்களித்தனர். மூன்றில் இரு பங்கு பெரும்பான்மை கிட்டாமையால் தீர்மானம் தோற்றது. அவர் தாமே பதவி துறந்தார். அவருடைய தொகுதி மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். தென்னாட்டில் பலர் அவருக்குப் புதிய கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினர்.

இந்நிகழ்ச்சிகளின் நடுவில் மறைந்துபோனது எது என்று எண்ணிப் பாருங்கள். கான்சாஸ் நிலத்தில் மனிதனை மனிதன் விலைக்கு வாங்கலாமா என்பதுதான் வழக்கு. ஆனால், தென்னாட்டார் பேசியது பட்லரின் மானத்தைப் பற்றி. வடநாட்டார் பேசியது சம்னரின் காயத்தைப் பற்றி. அந்தக் காயம் வட மாநிலங்களில் அடிமை எதிர்ப்புக்குப் புதிய ஆதரவைத் தேடித் தந்தது உண்மையே. எனினும் அதனைத் தேடித் தந்தது புரூக்ஸின் தடியே அன்றி, பட்லரைப் பற்றிய ஏளனம் அன்று. பட்லரைப் பற்றிய வரிகள் அனைத்தையும் நீக்கிவிட்டுப் பார்த்தாலும், கான்சாஸைப் பற்றிய சம்னரின் வாதம் சிறிதும் குறையாது. ஒரு குறையும் நேராமல் நீக்கத்தக்க வரிகள் எவையோ, அவைதாம் பகைவனுக்குத் தடியை எடுக்கச் சாக்கு அளித்தன.

வசையின் இயல்பு இதுவே. வாதம் ஒரு செயலைச் சுட்டிக்காட்டும். வசை, செய்தவனின் உடலையும் பிறப்பையும் ஊரையும் குடும்பத்தையும் சுட்டும். கேட்பவன் செயலை மறந்து ஆளைப் பார்க்கத் தொடங்குகின்றான். தன் கட்சியார் கைதட்டுவர். எதிர்க் கட்சியார் பல்லைக் கடிப்பர். ஐயத்தோடு நடுவில் நின்றவன் மெல்ல எழுந்து போய்விடுவான். அவனை வெல்வதற்காகவே பேச்சுத் தொடங்கிற்று என்பதை இருவரும் மறந்துவிடுகின்றனர்.

அவ்வாறாயின் இனிய சொல்லையே பேசிக்கொண்டிருக்க வேண்டுமோ என்று நீங்கள் கேட்கலாம். வேண்டா. பிரடெரிக் டக்ளஸ் என்பவர் அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, நாடறிந்த நாவலராக உயர்ந்தவர். 1852-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் ராச்செஸ்டர் நகரில் சுதந்திர நாள் விழாவையொட்டிப் பேசுமாறு அவரை அழைத்தனர். விடுதலைக்குப் போராடிய முன்னோரின் வீரத்தை அவர் முதலில் மனமுவந்து பாராட்டினார். பின்னர், இவ்விழா உங்களுடையது, விலங்கிட்டுக் கிடக்கும் என் இனத்தாருடையது அன்று என்னும் கருத்தை நெருப்பெழக் கூறினார். அதனினும் கடுமையான உரையை அந்நாட்டு வரலாற்றில் காண்பது அரிது. ஆனால் அக்கடுமை அடிமை முறையின் மேல் விழுந்தது. அதனைப் பொறுத்துக்கொண்ட நாட்டின் மேல் விழுந்தது. எவருடைய உடற்குறையும் அதற்குக் கருவியாகவில்லை.

மற்றொரு சான்றும் காண்போம். 1858-இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் செனட் பதவிக்கு ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் போட்டியிட்டனர். இவர் முன்னர்க் கூறிய டக்ளஸ் அல்லர். கான்சாஸ் சட்டத்தை வகுத்தவர். இருவரும் ஏழு ஊர்களில் நேருக்கு நேர் வாதிட்டனர். முதலாமவர் ஒரு மணி நேரம், இரண்டாமவர் ஒன்றரை மணி நேரம், மீண்டும் முதலாமவர் அரை மணி நேரம் என்பது முறை. ஆயிரக்கணக்கான மக்கள் வெயிலிலும் குளிரிலும் நின்று கேட்டனர். அவ்வாதங்கள் குறையற்றவை என்று நான் சொல்லவில்லை. இன வெறுப்பைத் தூண்டும் பேச்சை ஸ்டீபன் டக்ளஸ் கையாண்டார். இரு இனத்தாரும் எல்லா வகையிலும் சமமாக வாழ்வதைத் தாம் வேண்டவில்லை என்று லிங்கனும் அன்று கூறியதுண்டு. ஆயினும் அங்கு வாதம் நடந்தது.

ஆகஸ்டு 27-ஆம் நாள் பிரீபோர்ட் என்னும் ஊரில் லிங்கன் ஒரு வினாவை விடுத்தார். ஒரு பகுதி மாநிலமாகும் முன்னரே, அங்குள்ள மக்கள் அடிமை முறையைச் சட்டப்படி விலக்க இயலுமா என்பதே அவ்வினா. இயலாது என்றால், மக்களே முடிவு செய்யலாம் என்ற டக்ளஸின் கொள்கை பொய்க்கும். இயலும் என்றால், முந்தின ஆண்டு உச்ச நீதிமன்றம் அடிமை உடையோர்க்குச் சார்பாக அளித்த தீர்ப்பைப் போற்றும் தென்னாட்டார் சினப்பர். இயலும் என்றே டக்ளஸ் விடையிறுத்தார். அத்தேர்தலில் வென்றவரும் அவரே. ஆனால், முன்னரே அவர்மீது மனக்கசப்புக் கொண்டிருந்த தென்னாட்டாரின் வெறுப்பை அவ்விடை மேலும் வளர்த்தது. 1860-இல் அவருடைய கட்சி இரண்டாகப் பிளந்தது. லிங்கன் குடியரசுத் தலைவரானார். ஐந்து மணி நேர வசைமாரி அசைக்காத கோட்டையை ஒரு நேரான வினா அசைத்தது. அவ்வினாவிலே டக்ளஸைப் பற்றிய ஏளனச் சொல் ஒன்றும் இல்லை.

தோற்ற டக்ளஸ் என்ன செய்தார்? 1861 ஏப்ரலில் போர் மூண்டதும் லிங்கனைக் கண்டு பேசி, நாட்டின் ஒருமைக்குத் தம் ஆதரவை அளித்தார். சில வாரங்களில் காலமானார். எதிரியாக நின்றவர் பகைவராக மாறவில்லை என்பதை நோக்குங்கள்.

ஆனால் அத்தகையோர் அப்போது சிலரே. அவையில் உறுப்பினர் பலர் ஆயுதம் தாங்கி அமர்ந்திருந்த காலம் அது. 1858 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவுக்குப் பின், பிரதிநிதிகள் சபையில் முப்பதுக்கு மேற்பட்டோர் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டனர். ஓர் உறுப்பினரின் பொய்முடி கழன்று விழ, அவர் அதனைத் தலைகீழாக அணிந்துகொண்டார். எல்லோரும் சிரித்தமையால் சண்டை நின்றது. அதன்பின் வந்த உள்நாட்டுப் போரை நிறுத்த அத்தகைய சிரிப்பு வாய்க்கவில்லை. 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். போருக்குக் காரணம் அடிமை முறையே, தீச்சொல் அன்று. ஆனால், பேசித் தீர்க்கும் இடமாகிய அவையைத் தீச்சொல் முன்னரே பாழாக்கிவிட்டது.

இனி, அவை மரபு ஒன்றைக் கவனியுங்கள். நம் பாராளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் உறுப்பினர் அவைத் தலைவரை விளித்தே பேசவேண்டும். எதிரில் இருப்பவரை 'நீ' என்றோ 'நீர்' என்றோ நேரே விளித்தலாகாது. இஃது வெறும் சடங்கன்று. சினத்தோடு எழும் சொல் தலைவரைச் சுற்றிச் செல்லும்போது பாதி வெப்பம் தணிந்துவிடுகின்றது. அவைக்குப் பொருந்தாச் சொற்களை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து நீக்கும் அதிகாரத்தையும் மக்களவை விதிகள் தலைவருக்கு அளிக்கின்றன. ஆயினும் குறிப்பிலிருந்து நீக்கலாம். கேட்டவன் நெஞ்சிலிருந்து நீக்க எவ்விதியாலும் ஆகாது. வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும், சொல்வன்மைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். வன்மை வேறு, வன்சொல் வேறு என்பதை உணர இப்பகுப்பே போதும்.

பள்ளிகளில் சொற்போர் மன்றங்களைப் பல்லாண்டு நடத்தியவன் என்ற உரிமையில் ஒன்று கூறுவேன். தன்னிடம் கருத்துத் தீர்ந்துபோன மாணவனே எதிரியின் குரலையும் நடையையும் நகையாடத் தொடங்குவான். ஆகவே, உங்கள் பேச்சை எழுதியபின் ஒரு சோதனை செய்யுங்கள். எதிரியின் பெயர், உருவம், சாதி, ஊர், குடும்பம் ஆகியவற்றைப் பற்றிய சொற்களையெல்லாம் அடித்துவிடுங்கள். எஞ்சுவது ஒரு வாதமாக நின்றால் அதனைத் துணிந்து பேசுங்கள். எவ்வளவு கடுமையாயினும் பேசுங்கள். ஒன்றும் எஞ்சவில்லையாயின், நூலகத்துக்குச் செல்லுங்கள். பேச்சு இன்னும் ஆயத்தமாகவில்லை.

பிறர் பேசுவதைக் கேட்கும்போதும் இதே சோதனையைச் செய்யுங்கள். பதினெட்டு வயதில் வாக்குரிமை பெறப் போகின்றவர்கள் நீங்கள். மேடையில் நிற்போர், எதற்குக் கைதட்டல் கிடைக்கின்றதோ அதனையே மறுநாளும் பேசுவர். வசைக்குக் கைதட்டாத கைகள் பெருகுமாயின், வசை தானே ஓயும். நாட்டின் பேச்சைத் திருத்தும் ஆற்றல் பேசுவோர் நாவில் மட்டும் இல்லை; கேட்போர் கைகளிலும் உண்டு.